விண்மீனை அளந்த நகரம், விளக்கை ஏற்றிய நகரம்: ஹைதராபாத் நிழற்படத் தட்டுகளின் வரலாறு

ஹைதராபாத்தின் பேகம்பேட்டை இன்று மேம்பாலங்களும் வணிக வளாகங்களும் மெட்ரோ ரயில் பாதையும் நெருக்கியடிக்கும் பகுதி. மேகமில்லாத இரவிலும் அங்கே அண்ணாந்து பார்ப்பவருக்குத் தென்படும் விண்மீன்கள் சொற்பம். அதே பேகம்பேட்டையிலிருந்துதான் 1914க்கும் 1938க்கும் இடையே வானத்தின் இரண்டு பெரும் பட்டைகள் கண்ணாடித் தட்டுகளில் நிழற்படமாகப் பதிவு செய்யப்பட்டன. அத்தட்டுகளிலிருந்து பல லட்சம் விண்மீன்களின் இடங்கள் அளக்கப்பட்டு, 12 தொகுதிகளாக அச்சேறின. அப்பணியைச் செய்த நிஜாமியா வானாய்வகம், உலகின் ஏறத்தாழ 20 வானாய்வகங்கள் பங்கேற்ற ஒரு கூட்டு முயற்சியில் இந்தியாவிலிருந்து இடம்பெற்ற ஒரே நிறுவனம்.

இந்த வரலாறு வழக்கமாக இரண்டு வகையில் சொல்லப்படுகிறது. ஒன்று, கொடையாளர்களின் வரலாறு: ஒரு நவாபின் ஆர்வமும் நிஜாம் அரசின் பொருளுதவியும். மற்றொன்று, கருவிகளின் வரலாறு: 8 அங்குலத்திலிருந்து 48 அங்குலத்துக்கு வளர்ந்த தொலைநோக்கிகள். இவ்விரண்டிலும் விடுபட்டுப்போகும் ஒன்று உண்டு. அது தெருவிளக்கு. இரவு வானை நெடுநேரம் ஒளிபடவிட்டுப் பதிவு செய்யும் கலையின் எல்லையை வகுத்தவை வில்லைகளும் ஆடிகளும் மட்டுமல்ல; அருகிலிருந்த நகரம் எவ்வளவு ஒளி உமிழ்ந்தது, எந்த நிறத்தில் உமிழ்ந்தது என்பதும் அந்த எல்லையை வகுத்தது. ஹைதராபாத்தின் கதையை இந்தக் கோணத்தில் படிக்கும்போது அறிவியல் வரலாறும் நகர வரலாறும் ஒரே தட்டில் பதிந்திருப்பது புலப்படும்.

1. நவாபின் தொலைநோக்கி, பாரிஸின் திட்டம்

இங்கிலாந்தில் கல்வி பயின்ற ஹைதராபாத் பிரபுவான நவாப் ஜாபர் ஜங், 15 அங்குல விட்டமுள்ள கிரப் நிறுவனத் தொலைநோக்கி ஒன்றை வாங்கி, 1901இல் நகரின் பீசல்பண்டா பகுதியில் தம் சொந்த வானாய்வகத்தை அமைத்தார். அதற்கு நிஜாமின் பெயரையே சூட்டினார். 1907இல் அவர் மறைந்தார். 1908இல் நிஜாம் அரசு அந்த ஆய்வகத்தை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு செப்டம்பரில்தான் மூசி ஆற்றின் பெருவெள்ளம் நகரைச் சிதைத்தது. வெள்ளத்துக்குப் பிறகு நகரை அகன்ற சாலைகளோடும் புதிய வசதிகளோடும் மீட்டுருவாக்கிய அரசும், வானாய்வகத்தை நடத்திய அரசும் ஒன்றே. இந்த இணைப்பு பின்னர் முக்கியமாகும்.

முதல் இயக்குநராக ஆர்தர் சாட்வுட் பொறுப்பேற்றார். ஆய்வகம் பேகம்பேட்டைக்கு இடம்பெயர்ந்தது. வானை நிழற்படமெடுப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட 8 அங்குல குக் தொலைநோக்கி அங்கே நிறுவப்பட்டது. 1914இல் இராபர்ட் போகாக் இயக்குநரானார்; முறையான பதிவுப் பணி அவ்வாண்டு தொடங்கியது. 1918இல் அவர் மறைந்த பின் பணியை ஏற்று நடத்தியவர் டி. பி. பாஸ்கரன். 1919இல் ஆய்வகம் புதிதாகப் பிறந்த உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. பாஸ்கரன் 1944 வரை அதன் தலைமையில் இருந்தார்.

ஹைதராபாத் ஏற்ற பணி பாரிஸில் கருக்கொண்டது. 1887இல் பாரிஸ் வானாய்வக இயக்குநர் எர்னஸ்ட் முஷே கூட்டிய பன்னாட்டு மாநாடு, வானம் முழுவதையும் நிழற்படமாக்குவது என்று முடிவெடுத்தது. திட்டம் இரு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, சுமார் 11ஆம் ஒளித்தரம் வரையிலான விண்மீன்களின் இடங்களைத் துல்லியமாக அளந்து அட்டவணையிடுவது. இரண்டாவது, 14ஆம் ஒளித்தரம் வரை எட்டும் ‘கார்த் து சியெல்’ என்ற வானப்படம். வானம் நடுவரை விலக்கத்தின்படி பட்டைகளாகப் பிரிக்கப்பட்டு வானாய்வகங்களுக்குப் பங்கிடப்பட்டது. தெற்கே 17 முதல் 23 பாகை வரையிலான பட்டை முதலில் சிலி நாட்டின் சாண்டியாகோவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே பணி நடைபெறாததால் அது ஹைதராபாத்திடம் வந்தது.

இது தற்செயலான கைமாற்றம் போலத் தோன்றினாலும் புவியியல் அதற்குத் துணை நின்றது. அந்தப் பட்டையின் நடுப்பகுதி பாரிஸில் மிக உயர எழும்போதும் அடிவானத்திலிருந்து 21 பாகையை மட்டுமே எட்டும். அங்கே காற்றுமண்டலத்தின் கனத்த அடுக்குகளினூடே அதைக் காண வேண்டியிருக்கும். ஏறத்தாழ 17 பாகை வட அகலாங்கில் உள்ள ஹைதராபாத்திலோ அது 52 பாகைக்கு மேல் எழும். 1929இல் இப்பட்டை முடிவடையும் தறுவாயில், வடக்கே 36 முதல் 39 பாகை வரையிலான மற்றொரு பட்டையும் ஹைதராபாத்தைத் தேடி வந்தது. ஜெர்மனியின் பாட்ஸ்டாம் ஆய்வகம் முடிக்காமல் விட்ட பகுதி அது. 1928 முதல் 1938 வரை அதுவும் பதிவு செய்யப்பட்டது.

2. தட்டு சேர்த்து வைக்கும்; ஆனால் பிரித்தறியாது

மனிதக் கண் ஒளியைச் சேமிப்பதில்லை. நொடியின் சிறு பகுதிக்கொருமுறை அது பழைய பிம்பத்தை விட்டுவிட்டுப் புதியதைப் பெறுகிறது. ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தாலும், முதல் நிமிடத்தில் காணாத மங்கலான விண்மீனைக் கண் பெரும்பாலும் கடைசி நிமிடத்திலும் காணாது. வெள்ளி உப்புகள் பூசிய கண்ணாடித் தட்டு இதற்கு நேர்மாறானது. அதன்மீது விழுந்த ஒளி கூடிக்கொண்டே போகும். கண்ணுக்கு எட்டாத விண்மீன் சில நிமிடங்களில் ஒரு கரும்புள்ளியாகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வானியலாளர்கள் தட்டை நாடியதற்கு இந்தப் பண்பே முதற்காரணம்.

பண்பு எளியது; பயன்படுத்துவது கடினம். புவி சுழல்வதால் தொலைநோக்கி விண்மீன்களைப் பின்தொடர வேண்டும். எடை இறங்குவதால் ஓடும் கடிகாரப் பொறி அதை நகர்த்தியது. பொறியின் பிழையைத் திருத்த, இணைத் தொலைநோக்கியின் குறுக்கிழையில் ஒரு வழிகாட்டி விண்மீனை நிறுத்தி, அது நழுவும்போதெல்லாம் கையால் சரிசெய்யும் ஒருவர் பதிவு முடியும்வரை அசையாது அமர்ந்திருக்க வேண்டும். மாநாடு வகுத்த முறையில் அட்டவணைத் தட்டுக்குச் சில நிமிடங்கள் ஒளிபட்டால் போதும். வானப்படத் தட்டுக்கோ ஒரு மணி நேரம்வரை தேவைப்பட்டது. ஒவ்வொரு தட்டிலும் 5 மி.மீ. இடைவெளியில் நுண்கட்டங்கள் அச்சிடப்பட்டன. கழுவி உலர்த்திய தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, கட்டக் கோடுகளிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கண்ணால் அளந்து எழுத வேண்டும். தட்டில் 1 மி.மீ. என்பது வானில் ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு. ஹைதராபாத்தின் 12 தொகுதிகளும் இப்படிப்பட்ட அளவீடுகளால் நிரம்பியவை.

தட்டின் வலிமையிலேயே அதன் குறையும் அடங்கியிருக்கிறது. அது ஒளியைச் சேர்க்கும். ஆனால் விண்மீனின் ஒளி எது, வானின் பின்னணி ஒளி எது என்று பிரித்தறியாது. மனிதர் வாழாத பாலைவனத்திலும் இரவு வானம் முழுக் கறுப்பன்று. மேல்வளியின் இயல்பான மெல்லொளி எங்கும் பரவியிருக்கும். அதன்மேல் நகர விளக்குகளின் ஒளி காற்றிலும் தூசியிலும் பட்டுச் சிதறிச் சேர்கிறது. ஒளிபடும் நேரம் நீள நீள விண்மீனின் புள்ளியும் கறுக்கும், பின்னணியும் கறுக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் மங்கலான விண்மீன்கள் பின்னணிச் சாம்பல் நிறத்தில் மூழ்கிவிடும். அதற்கு மேல் காத்திருப்பதில் பயனில்லை. ஆகவே நெடுநேர ஒளிப்பதிவில் ‘எவ்வளவு நேரம்’ என்பதை முடிவு செய்வது வானியலாளரின் பொறுமை அன்று. அந்த இடத்தின் இருள்.

3. நிறத்தால் கிடைத்த சலுகை

இங்கே ஒரு வினா எழுகிறது. பேகம்பேட்டை நகரை ஒட்டிய பகுதி. நிஜாம் அரசின் தலைநகரம் அன்றே இந்தியாவின் பெருநகரங்களுள் ஒன்று. எனில் அங்கிருந்து கால் நூற்றாண்டு எப்படிப் பணி நடைபெற்றது?

எளிய விடை, அன்று விளக்குகள் குறைவு என்பது. அது உண்மை, ஆனால் முழு உண்மை அன்று. அட்டவணைப் பணிக்குத் தேவைப்பட்ட ஒளிபடும் நேரம் குறுகியதாக இருந்தது இரண்டாவது காரணம். மூன்றாவது காரணம் நிறத்தைச் சார்ந்தது. அதுவே அதிகம் பேசப்படாதது.

அக்கால வானியல் அட்டவணைப் பணிகளுக்குப் பயன்பட்ட சாதாரணத் தட்டுகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்கு உணர்ந்தன. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அவை ஏறத்தாழக் குருடு. நிழற்படக் கலைஞர்கள் இருட்டறையில் சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டு தட்டுகளைக் கையாள முடிந்தது இதனால்தான். மறுபுறம், அக்கால நகரின் விளக்குகள் எண்ணெய்ச் சுடர்களும் பின்னர் வந்த இழை மின்விளக்குகளும். இரண்டும் வெப்பத்தால் ஒளிர்பவை, இரண்டின் ஒளியும் பெரும்பாலும் மஞ்சளும் சிவப்பும் சார்ந்தது, நீலம் சொற்பம். நகரம் ஒளிர்ந்தது உண்மை. ஆனால் அது ஒளிர்ந்த நிறத்தைத் தட்டு பெரிதும் காணவில்லை. வானியலின் இருட்டறைக்கு வெளியே நகரமே ஒரு மங்கலான செவ்விளக்காக இருந்தது எனலாம். திட்டமிடாமல் கிடைத்த இச்சலுகை, நகரங்களின் அருகே அமைந்த அக்கால வானாய்வகங்கள் பலவற்றுக்கும் பொதுவானது.

இச்சலுகை நிலைக்கவில்லை. 1920களில் ஹுசேன் சாகர் ஏரிக்கரையில் அனல்மின் நிலையம் இயங்கியது. அது பேகம்பேட்டைக்கு அதிகத் தொலைவில் இல்லை. 1930களில் வானாய்வகம் இருந்த அதே பேகம்பேட்டையில் விமானதளம் உருவாகி வளர்ந்தது. விண்மீனை அளப்பதும் மின்விளக்கை ஏற்றுவதும் விமானத்தை இறக்குவதும் ஒரே அரசின் ஒரே நவீனக் கனவின் உறுப்புகள். அவை ஒன்றையொன்று அழிக்கக்கூடியவை என்று அன்று எவரும் கவலைப்பட வேண்டிய தேவை எழவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உலகெங்கும் தெருக்களுக்கு வந்த பாதரச ஆவி விளக்குகளும் குழல் விளக்குகளும் நிலைமையை மாற்றின. பாதரசம் நீலத்திலும் ஊதாவிலும் வலிமையான நிறமாலைக் கோடுகளை உமிழ்கிறது. தட்டு எதைக் காணுமோ அதையே நகரம் உமிழத் தொடங்கியது.

4. இருளைத் தேடி 55 கிலோமீட்டர்

பாஸ்கரனுக்குப் பின் 1944இல் பொறுப்பேற்ற அக்பர் அலி, ஆய்வகத்தை விண்மீன்களின் இடத்தை அளக்கும் பணியிலிருந்து அவற்றின் இயல்பை ஆராயும் பணிக்கு நகர்த்த விரும்பினார். அதற்கு மங்கலான விண்மீன்களை எட்டும் பெரிய ஆடி தேவை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலிருந்த ஃபெக்கர் நிறுவனத்திடமிருந்து 48 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைப் பெற அவர் முயன்றார். 1960இல் அவர் மறைந்தார். தொலைநோக்கி நிறுவப்பட்டதைக் காண அவர் இல்லை. அது பேகம்பேட்டையிலும் நிறுவப்படவில்லை. நகரிலிருந்து ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவில், ஜபல், ரங்காபூர் ஊர்களின் அருகே 1968இல் நிறுவப்பட்டது. அன்றைய இந்தியாவின் மிகப் பெரிய தொலைநோக்கி அதுவே. 1980 பிப்ரவரி 16 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் பாதையில் அந்த இடம் அமைந்ததால் அதன் பெயர் நாடெங்கும் பரவியது.

இந்தியாவின் பிற வானாய்வகங்களும் அதே பாதையில் நடந்தன. அவற்றுள் ஒன்றின் வேர் ஹைதராபாத்திலேயே இருக்கிறது. நிஜாமியாவில் பணியாற்றிய ஒருவரின் மகனாக, தொலைநோக்கிகளுக்கிடையே வளர்ந்தவர் வைணு பாப்பு. நிஜாம் கல்லூரியில் படித்து, ஹார்வர்டு சென்ற அவர், 1949இல் அங்கே எடுத்த நிழற்படத் தட்டு ஒன்றில் புதிய வால்மீனைக் கண்டார்; அது பாப்பு-பாக்-நியூகிர்க் வால்மீன் எனப் பெயர் பெற்றது. இந்தியா திரும்பியதும் உத்தரப் பிரதேச அரசு வானாய்வகத்தை வாரணாசியிலிருந்து நைனிதால் மலைக்கு நகர்த்துவதில் முன்னின்றார். 1960இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் தலைமையை ஏற்றார். சூரியனைக் காண உகந்த கொடைக்கானல் இரவு நோக்கலுக்கு உகந்ததாக இல்லை. ஆகவே புதிய இடம் தேடி, தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் சந்தனக் காடுகளிடையே உள்ள காவலூரைத் தேர்ந்தார். 1968இல், அதாவது ரங்காபூரில் தொலைநோக்கி நிறுவப்பட்ட அதே ஆண்டில், காவலூரிலும் பணி தொடங்கியது.

வாரணாசியிலிருந்து நைனிதால், அங்கிருந்து மனோரா சிகரம், பின்னர் தேவஸ்தல், பேகம்பேட்டையிலிருந்து ரங்காபூர், கொடைக்கானலிலிருந்து காவலூர், இறுதியில் லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹான்லே. ஒவ்வொரு நகர்வுக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு: மேகம், காற்றின் நிலைத்தன்மை, ஈரப்பதம். ஆனால் வரைபடத்தில் இவற்றை இணைத்துப் பார்த்தால் ஒரு பொதுத் திசை தெரியும்: மனிதர் வாழும் இடத்திலிருந்து விலகிச் செல்லும் திசை.

எவ்வளவு விலக வேண்டும்? அமெரிக்க வானியலாளர் மெர்ல் வாக்கர் 1970களில் கலிஃபோர்னிய நகரங்களை அளந்து ஒரு விதியை முன்வைத்தார். நகரத்தால் வானில் கூடும் ஒளி, அதன் மக்கள்தொகைக்கு நேர்விகிதத்திலும், தொலைவின் 2.5ஆம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்திலும் அமையும் என்பது அது. தொலைவை இரட்டிப்பாக்கினால் ஒளி 5 மடங்குக்கு மேல் குறையும். இது நல்ல செய்தி. ஆனால் மக்கள்தொகை 4 மடங்கானால், அதே இருளைப் பெற 1.74 மடங்கு தொலைவு போக வேண்டும். ஹைதராபாத் பெருநகரப் பகுதியின் மக்கள்தொகை 1971 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 18 லட்சம். 2011இல் ஏறத்தாழ 77 லட்சம். நான்கு மடங்கைக் கடந்த வளர்ச்சி. கலிஃபோர்னியாவின் விளக்குப் பழக்கத்தை இந்திய நகருக்கு அப்படியே பொருத்த இயலாது. எனினும் விதியின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், 1971இல் 55 கி.மீ. தொலைவில் கிடைத்த இருளுக்கு 2011இல் ஏறத்தாழ 100 கி.மீ. போக வேண்டியிருந்திருக்கும். தலைக்கு இத்தனை விளக்கு என்ற கணக்கு மாறவே இல்லை என்று கொண்டால் வரும் விடை இது. உண்மையில் அக்கணக்கும் கூடியே இருக்கிறது. நகரத்தின் எல்லையும் ரங்காபூரை நோக்கி நகர்ந்திருக்கிறது.

5. மீண்டும் நீலம்

கண்ணாடித் தட்டின் இடத்தை மின்னணு உணரி பிடித்த பின் நிலைமை தளர்ந்தது போலத் தோன்றியது. இன்று ஹைதராபாத், பெங்களூரு, புணே போன்ற நகரங்களின் மொட்டை மாடிகளிலிருந்தே ஆர்வலர்கள் ஒண்முகில்களைப் படமெடுக்கிறார்கள். ஒரு மணி நேரம் தொடர்ந்து ஒளிபடவிடுவதற்குப் பதிலாக, சில நிமிடப் பதிவுகள் பலவற்றை எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். பின்னணி ஒளியின் சராசரியைக் கணினி கழித்துவிடுகிறது.

ஆனால் சராசரியைக் கழிக்கலாம். அதன் ஏற்றத்தாழ்வைக் கழிக்க இயலாது. ஒளி துகள்துகளாக வந்து விழுவதால், பின்னணி எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்கு அதன் இயல்பான ஏற்றத்தாழ்வும் மிகும். மங்கலான பொருளைப் பொறுத்தவரை கணக்கு எளிது: பின்னணி 10 மடங்கு பிரகாசமான வானில், ஒரே தரமுள்ள படத்துக்கு 10 மடங்கு நேரம் வேண்டும். இருண்ட ஊரில் ஓரிரவின் ஒரு மணி நேரம் தருவதை நகரத்தில் 10 மணி நேரம்தான் தரும். அதாவது இரண்டு மூன்று இரவுகள். விளக்கின் விலையை நேரமாகச் செலுத்துகிறார் நகரத்து வான்நிழற்படக்காரர்.

இந்த விலையைக் குறைத்தவை நிற வடிப்பான்கள். சோடியம் ஆவி விளக்குகளின் ஒளி பெரும்பாலும் மஞ்சள் பகுதியில் குவிந்திருந்ததால் அதைத் தனியே தடுக்க முடிந்தது. அமெரிக்காவின் சான் ஹோசே நகரம் அருகிலுள்ள லிக் வானாய்வகத்தைக் காக்க, தாழ்அழுத்த சோடியம் விளக்குகளைத் தன் தெருக்களில் நிறுவியது இதன் அடிப்படையில்தான். ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பையோ ஆக்சிஜனின் 501 நானோமீட்டர் பச்சையையோ மட்டும் கடத்தும் குறும்பட்டை வடிப்பான்கள், ஒளிரும் வாயு முகில்களை நகரத்திலிருந்தும் காட்டின. ஆனால் விண்மீன்களின் ஒளியும், விண்மீன்களாலான மண்டலங்களின் ஒளியும் எல்லா நிறங்களிலும் பரந்தவை. அவற்றுக்கு அந்த வடிப்பான்கள் உதவாது.

2015இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் வழியே ஒரு கோடிக்கும் மேற்பட்ட தெருவிளக்குகள் எல்.இ.டி.யாக மாற்றப்பட்டன. மின்சாரச் சிக்கனத்தில் இது மறுக்க முடியாத ஆதாயம். இரவில் பாதுகாப்பாக வீடு திரும்புவோரின் தேவையை வானியலாளரின் ஏக்கத்துக்காகப் புறந்தள்ளவும் முடியாது. ஆயினும் வெள்ளை எல்.இ.டி. விளக்கின் இயல்பைக் கவனிக்க வேண்டும். அதன் ஒளி 450 நானோமீட்டர் அருகே நீலத்தில் உச்சம் கொண்டு, மற்ற நிறங்களிலும் பரவுகிறது. தூய காற்றில் நீல ஒளி சோடியத்தின் மஞ்சளைவிட ஏறத்தாழ 3 மடங்கு சிதறும். பரந்த நிறமாலையைக் கொண்டதால் அதை வடிகட்டுவதும் கடினம். 2023இல் வெளியான ஓர் ஆய்வு, உலகெங்கும் பொதுமக்கள் 2011 முதல் 2022 வரை வெறுங்கண்ணால் பதிந்த நோக்கல்களைத் தொகுத்து, இரவு வானின் பிரகாசம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுவதாகக் காட்டியது. போகாக்கின் தட்டுக்குக் கிடைத்த சலுகையின் நேரெதிர் முனைக்கு நகரங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன.

6. பின்னணியே ஆவணம்

ஹைதராபாத்தின் அளவீடுகள் வெளியானபின் பல பத்தாண்டுகள் அவற்றின் பயன் ஐயத்துக்குரியதாகவே இருந்தது. பாரிஸ் திட்டத்தின் வானப்படப் பகுதி முழுமை பெறவே இல்லை. அதற்குள் புதிய கருவிகள் வந்துவிட்டன. ஐரோப்பிய வானாய்வகங்களின் இளைஞர்களைப் பல்லாண்டு சலிப்பூட்டும் அளவீட்டில் முடக்கிய திட்டம் என்று விமர்சனமும் எழுந்தது. பிறகு ஐரோப்பாவின் ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் 1989 முதல் 1993 வரை விண்மீன்களின் இடங்களை மிகத் துல்லியமாக அளந்தது. ஒரு விண்மீன் எங்கே இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் சொல்லும். நீண்ட காலத்தில் அது எவ்வளவு நகர்ந்தது என்பதைச் சொல்லப் பழைய அளவீடு வேண்டும். அங்கேதான் பாரிஸ் திட்டத்தின் அட்டவணைகள் மீண்டும் உயிர்பெற்றன. அவற்றைக் கணினிக்கேற்ப மறுசீரமைத்து, செயற்கைக்கோளின் தரவோடு ஒப்பிட்டு, 25 லட்சம் விண்மீன்களின் நகர்வைத் தரும் ‘டைக்கோ-2’ அட்டவணை 2000இல் வெளியானது. பேகம்பேட்டையில் நுண்ணோக்கியின் கீழ் எழுதப்பட்ட எண்களும் அதில் அடக்கம். பயனற்றது எனக் கருதப்பட்ட உழைப்புக்குப் பயனைக் கொடுத்தது இடையில் கழிந்த காலமே.

இதிலிருந்து வரலாற்று மாணவர்கள் பெறக்கூடிய பாடம் ஒன்று உண்டு. தட்டை அளந்தவர்கள் புள்ளிகளை மட்டுமே தரவாகக் கண்டார்கள். புள்ளிகளுக்கிடையே இருந்த சாம்பல் நிறம் அவர்களுக்கு இடையூறு. ஆனால் அந்தச் சாம்பல் நிறமும் ஒரு பதிவு. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட திசையில் வானம் எவ்வளவு ஒளிர்ந்தது என்பதை அது தாங்கியிருக்கிறது. நகராட்சிக் குறிப்புகள் எத்தனை விளக்குகள் வாங்கப்பட்டன என்று சொல்லலாம். அவை உண்மையில் எவ்வளவு எரிந்தன, இரவை எவ்வளவு மாற்றின என்று சொல்வதில்லை. நகருக்கு அருகே பல்லாண்டு ஒரே கருவியால், ஒரே முறையில் எடுக்கப்பட்ட தட்டுகளின் வரிசை எங்கு எஞ்சியிருந்தாலும் அந்த இடைவெளியை நிரப்பக்கூடும். இதில் எச்சரிக்கையும் தேவை. பழைய தட்டின் கருமைக்கு நிலவும், கழுவிய முறையும், சேமித்த அறையின் ஈரமும் காரணமாகலாம். தட்டு காணாத மஞ்சள் நிற விளக்கைப் பற்றி அதனால் சாட்சி சொல்லவும் முடியாது. ஆனால் ஒளித்தரம் அறிந்த விண்மீன்கள் அதே தட்டிலேயே பதிந்திருப்பதால், அவற்றை அளவுகோலாகக் கொண்டு பின்னணியை மதிப்பிட வழி உண்டு. எந்த ஆவணத்தையும் போலத் தட்டையும் அதன் சார்புகளை அறிந்தே படிக்க வேண்டும்.

இருளுக்கு ஒரு நிர்வாகமும் தேவை என்பதை உலகம் தாமதமாகவே உணர்ந்தது. கேனரித் தீவுகளின் வானைக் காக்க ஸ்பெயின் 1988இல் சட்டமியற்றியது. இந்தியாவில் 2022 டிசம்பரில் ஹான்லேயைச் சுற்றி ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே விளக்குகளுக்கு மறைப்பு இடுவதும், வெண்ணீல ஒளிக்குப் பதிலாக மஞ்சள் சார்ந்த ஒளியைப் பயன்படுத்துவதும், கிராம மக்களையே வானுக்கு வழிகாட்டிகளாக்குவதும் நடைமுறையாயின. விளக்கை அணைப்பது அங்கே நோக்கம் அன்று. விளக்கின் திசையையும் நிறத்தையும் முறைப்படுத்துவதே நோக்கம். 1914இல் பேகம்பேட்டைக்கு எவரும் திட்டமிடாமல் கிடைத்த அதே மஞ்சள் இரவை, ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஆணையின் வழியே உருவாக்க வேண்டியிருக்கிறது.

ஹான்லேயைக் காப்பது எளிது. அங்கே மக்கள் குறைவு. 2011இலேயே ஏறத்தாழ 77 லட்சம் பேர் வாழ்ந்த பெருநகரில் அதே இருளை எவரும் கோர முடியாது. ஆனால் மேல்நோக்கிச் சிதறும் ஒளி, அந்நகரில் வாழும் எவருக்கும் வழிகாட்டுவதில்லை என்பதை மட்டும் நினைவில் கொள்ளலாம். அந்த வீணொளியின் அளவே, ரங்காபூர் போன்ற இடங்கள் இன்னும் எத்தனை ஆண்டு வானாய்வகங்களாக நீடிக்கும் என்பதை முடிவு செய்யும். பேகம்பேட்டையிலிருந்து 1938இல் பதிந்த வானை இன்று அதே இடத்திலிருந்து அதே கருவியால், அதே முறையில் மறுபடி பதிய இயலாது. விண்மீன்கள் அங்கிருந்து அதிகம் நகர்ந்துவிடவில்லை. டைக்கோ-2 அளந்த நகர்வுகள் வெறுங்கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியவை. மாறியது அவற்றுக்குக் கீழே இருந்த நகரம்.